நாலாம் மாடியில் ஒரு பார்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில், மக்கீனும் ருக்கியாவும் குடியிருக்கும் வீட்டு ஹாலுக்குள் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் வற்றுகிறது. ஏறும்போது பிளைவுட் தொட்டியின் விளிம்பையும் தாண்டி ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் சுவரில்லாமல் நிற்கும். ஒரு சொட்டுக்கூட வெளியே வழியாது. அந்த ஒரு சாண் தண்ணீருக்குள் மீன்கள் வந்து, சோபாவுக்கும் டிவிக்கும் நேராக நின்று, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கீழே போகும். மெரின் டிரைவ் ஓரம் கிடக்கிற வெள்ளவத்தைக் கடலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. இது, வடமேற்குக் கரையில் தூரத்தில் கிடக்கும் கற்பிட்டித் தண்ணீர். கற்பிட்டி நேரத்துக்குத்தான் ஏறும், கற்பிட்டி நேரத்துக்குத்தான் இறங்கும். லைட் பில் கூடியதைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக்கூட எங்கள் ஒழுங்கையில் இப்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் பேசினார்கள். அம்மாடி, என்ன பேச்சு!

ருக்கியா கற்பிட்டிக்காரி. மக்கீனைக் கலியாணம் முடித்து இங்கே வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. காலி வீதியில் மக்கீனின் மூக்குக்கண்ணாடிக் கடையை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. மெல்லப் பேசி, எதற்கும் தலையாட்டுகிற மனுசன். ருக்கியா அப்படியில்லை. வாஷிங் மெஷின் நின்றுபோனால் ஆள் கூப்பிடமாட்டாள். கழற்றிப் பரப்பி, திரும்பப் பூட்டி, மிஞ்சிய ஆணிகளைத் தேவையில்லாதவை என்று எறிந்துவிடுவாள், மெஷினும் ஓடும். அவளுடைய தம்பி பஸீர் கற்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்குக் கருவாட்டு லொறி கொண்டுவருகிறவன். கடல் சூடேறிப்போன ஒரு வருடத்தில் அவன்தான் போனில் சொன்னான், பார் வெளுத்துப்போயிற்று என்று. கற்பிட்டியில் பார் என்றால் கடலுக்கடியில் உயிரோடு வளரும் பவளத்திட்டு. அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். கொழும்பில் பார் என்றால் வேறு. அதுவும் இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும். ருக்கியாவுக்கு மட்டும், இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும், அந்த இரண்டாவது அர்த்தம் மண்டைக்குள் ஏறவேயில்லை. அவள் போகிற இடத்தில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான். "அங்க வெளுத்தா என்ன, இங்க வளத்துப் பாப்பம்," என்றாள். பஸீர் சிரித்தான். மூத்தவளான தன் ராத்தாவைப் பற்றி நன்றாகத் தெரிந்தும் சிரித்தான்.

சில வருடம் அந்தப் பேச்சு எழவில்லை. கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் பாண் சுடப் பழகியபோது ருக்கியா போனில் வீடியோ பார்த்தாள். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் தன் கராஜுக்குள் பிளைவுட் பலகையால் தொட்டி அடித்து, உள்ளே ரெசின் பூசி, முன்னுக்குக் கண்ணாடி வைத்து, கடல்தண்ணீர் நிரப்பிப் பவளமும் மீனும் வளர்த்துக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் கண்ணாடியில் அவ்வளவு பெரிய தொட்டி என்றால் வீட்டைத்தான் விற்க வேண்டும். பலகை என்றால் செய்யலாம். அவன் இங்கிலீஷ் அவளுக்கு ஓடவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தாள். பார்த்து முடிந்ததும், ஹாலில் சோக்கேஸ் நிற்கிற இடம் தனக்கு வேண்டும் என்று மக்கீனிடம் சொன்னாள். அந்த இடத்துக்குக் கீழேதான் கட்டடத்தின் கொங்கிரீட் பீம் போகிறது, பாரம் தாங்கும் என்பதையும் எப்படியோ விசாரித்து வைத்திருந்தாள். மக்கீன் தலையாட்டினார்.

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் என்று ஒரு தச்சர் இருக்கிறார். கொழும்பில் தச்சரை பாஸ் என்பதுதான் மரியாதை. ருக்கியாவின் ஒரே மகள் ஸும்றாவுக்கு அலுமாரி செய்து கொடுத்தவர் அவர். ருக்கியா அவருக்குப் போன் எடுத்து, "பாஸ், எங்கட ஊட்டு ஹாலுக்குள்ள பார் ஒண்டு கட்டணும். மரைன் பிளைவுட்ல. எட்டு அடி நீளம். முன்னுக்குக் கண்ணாடி, மேல நீல லைட்டு," என்றாள். ஹியூபேட் பாஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ கிளப்புகளுக்கு இந்த வேலை செய்தவர். ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து இப்படி ஒரு ஓடர் வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் வேலை வேலைதான், அடுத்தவன் வீட்டு விசயம் நமக்கென்ன என்று நினைத்து, "எனக்கு விடுங்க நோனா, கொழும்பில இப்படி ஒண்டு இல்ல எண்டு சொல்ற மாதிரிச் செய்து தாறன்," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

லிப்டுக்குள் அடங்காது என்பதால் பலகை பலகையாகக் கொண்டுவந்து ஹாலில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டி முடிந்து பார்த்தால், பெட்டியின் மேல்விளிம்பில் முழங்கை ஊன்ற வாகாக ஒரு முழ அகலத்தில் பலகை சுற்றிவர ஓடியது. கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பளபளவென்று ஒரு பித்தளைக் கம்பி. கூடவே தன் அன்பளிப்பாக உயரமான ஸ்டூல் இரண்டும் கொண்டுவந்திருந்தார்.

"இது என்ன கம்பி பாஸ்?"

"கால் வைக்க, நோனா."

"யார்ட கால்?"

"குடிக்க வாற ஆக்கள்ட கால்."

ருக்கியா அவரைப் பார்த்தாள். அவர் ருக்கியாவைப் பார்த்தார். பவளம், மீன், கடல்தண்ணீர் என்று அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல ஹியூபேட் பாஸ் தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அந்த வெள்ளைக்காரனும் மேல்விளிம்பில் இப்படித்தான் அகலப் பலகை அடித்திருந்தான். தண்ணீர் நிறைந்ததும் பக்கப் பலகைகள் வெளியே பிதுங்காமல் பிடிப்பது அதுதான். கம்பியும் இருக்கட்டும், தான் கட்டை, ஏறி நின்று கை விட்டுத் துடைக்க உதவும் என்றாள். இப்படியாக, கிளப்புக்கு அடித்த சாமான் கடலுக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தது. அன்று சிரித்த சிரிப்போடு இந்தக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் ஹியூபேட் பாஸ் காலையில் மேலே வரும்போதே லிப்டில் மூன்றாம் மாடி ஸஹாப்தீன் ஹாஜியாரோடு கதைத்துவிட்டார். எங்கே போகிறீர் என்று ஹாஜியார் கேட்க, நாலாம் மாடியில் பார் வேலை என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

ஸஹாப்தீன் ஹாஜியார் பென்ஷன் எடுத்த நாள் முதல் ஊரிலுள்ள குமரிகளுக்கெல்லாம் மாப்பிள்ளை பேசிக் கொடுக்கும் புண்ணிய காரியத்தில் இருப்பவர். கேட்ட சொல்லை அவர் உடனே நம்பவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்தான். அடுத்த கிழமை படிக்கட்டில் தின்னர் வாசம் மூக்கைத் துளைத்தது. பஸீர் வந்து, வள்ளத்துக்குப் பூசுகிற ரெசினையும் பைபர் துணியையும் பெட்டியின் உட்புறத்தில் பூசிக்கொண்டிருந்தான். வள்ளத்தில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, இதில் வெளியே போகக்கூடாது, சட்டையைப் புரட்டிப் போடுகிற மாதிரித்தான் என்று அவன் அக்காவுக்கு விளக்கம் வேறு. அதன் பிறகு, சுபஹ் தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பும் நேரத்தில், கருவாட்டு லொறியிலிருந்து மூடி இறுக்கிய நீலக் கேன்கள் வரிசையாக இறங்கி லிப்டில் ஏறின. ஹாஜியார் மனம் பொறுக்காமல் ருக்கியாவையே கேட்டுவிட்டார், மேலே என்ன கட்டுகிறீர்கள் என்று. "பார் தான் ஹாஜியார். அல்லாஹ்ட காவல்ல நல்லா வந்தீக்கி. நீங்களும் ஒருநாளைக்கி வந்து பாருங்களே," என்றாள் ருக்கியா, முகமெல்லாம் மலர. ஹாஜியார் அன்று லிப்டை விட்டுப் படியால் இறங்கினார். பள்ளிவாசலில் மக்கீனை ஓரமாகக் கூப்பிட்டு, கேள்விப்படுவது மெய்தானா என்று கேட்டார்கள். மக்கீன் வழக்கம்போலத் தலையாட்டினார்.

சரி, அந்தப் பெட்டிக்குள் ருக்கியா என்ன வைத்தாள் என்று கேட்டால், கல் வைத்தாள். பவளம் உடைப்பதும் கொண்டுவருவதும் இந்த நாட்டில் குற்றம். அவள் ஒரு விரற்கடை அளவுகூட எடுக்கவில்லை, பஸீரையும் எடுக்க விடவில்லை. மிக்ஸி வந்த பிறகு பல்கனியில் கிடந்த அம்மிக்கல், பக்கத்துக் காணியில் உடைத்த வீட்டின் கொங்கிரீட் துண்டுகள், விளிம்பு போன ஒரு பீங்கான் பேசின், இவ்வளவுதான் கீழே கிடந்தன. மேலே அந்த நீலக் கேன்களில் வந்த கற்பிட்டித் தண்ணீர், மூலையில் ஒரு மோட்டார், அதற்கு மேலே நீல லைட். மாதக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. அம்மிக்கல்லில் பாசி பிடித்தது. ருக்கியா ஒவ்வொரு நாளும் ஸ்டூலில் ஏறி இருந்து அதைப் பார்த்தாள். வெறுந்தண்ணீரை இப்படி முழித்துப் பார்க்கிறீர்களே உம்மா என்று ஸும்றா கேலி செய்வாள். செய்துவிட்டு மற்ற ஸ்டூலில் ஏறித் தானும் பார்ப்பாள்.

பிறகு நாட்டில் பெட்ரோல் இல்லாமற் போயிற்று, காஸ் இல்லாமற் போயிற்று, கரண்ட்டும் போயிற்று. கொழும்பில் மீன்தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மோட்டார் நின்று மீனைப் பறிகொடுத்தார்கள். ருக்கியாவின் மோட்டாரும் நின்றது. தண்ணீர் கெட்டுப்போகும் என்று அவள் அகப்பையால் கிண்டிக்கொண்டு நின்றபோதுதான், தண்ணீர் தானாகவே நாலு விரல் இறங்கியதைக் கண்டாள். ஒழுகுகிறது என்று நினைத்துத் துணியோடு தரையில் தவழ்ந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. கொஞ்சம் பொறுத்து அந்த நாலு விரலும் திரும்ப ஏறியது. தம்பிக்குப் போன் எடுத்து அங்கே கடல் எப்படி என்று கேட்டாள். இப்போதுதான் வத்தம் முடிந்து ஏத்தம் தொடங்குகிறது என்றான் பஸீர். ருக்கியா அகப்பையைக் கழுவி வைத்துவிட்டாள். கரண்ட் இல்லாத காலத்தில் கடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது; அதில் என்ன அதிசயம்? அந்தக் கிழமையே அம்மிக்கல்லில் ஊதா நிறத்தில் ஊசிமுனை அளவு மொட்டுகள் எழும்பின. நோன்பு வருவதற்குள் அம்மி தெரியவில்லை. பேசினுக்குள் மஞ்சள் பவளம் முட்டைக்கோவா மாதிரி விரிந்தது, அதன் பக்கத்தில் சிவப்பில் ஒன்று கிளைவிட்டது. ஓரா மீன், கிளிமீன், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால், பகலில் பொந்தைவிட்டு வராத ஒரு களவாய், எல்லாம் எந்த வழியால் வந்தன என்று கேட்க ருக்கியாவுக்கு நேரமிருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஸும்றாவுக்குக் கொம்பனித்தெருவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. ஸும்றா வாப்பாவின் கடையில் கண் சோதிப்பவள். ஷிராஸ் என்ற பையன் ஒருநாள் கண் காட்ட வந்தான்; எழுத்துப் பலகையில் நல்ல பெரிய எழுத்தையே பிழையாக வாசித்தான். கண்ணாடி கொடுத்து அனுப்பினாள். இரண்டு கிழமையில் திரும்ப வந்து அதைவிடப் பெரிய எழுத்தைப் பிழையாக வாசித்தான். அவன் கண்ணில் ஒரு குறையுமில்லை என்பது ஸும்றாவுக்கு முதல்நாளே தெரியும். ஆனாலும் மூன்றாம் தரம் எப்போது வர வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தாள். மூன்றாம் தரம் அவன் கடைக்கு வரவில்லை, அவன் உம்மா ஷஹீமாதான் ஸஹாப்தீன் ஹாஜியார் மூலம் சொல்லி அனுப்பினார். வீடு முழுக்கச் சந்தோசம். ஸும்றா நடந்து போகாமல் மிதந்துபோனாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் நடந்துதான் போனாள், பாட்டுப் பாடிக்கொண்டு போனாள்.

ஹாஜியார் மனச்சாட்சி உள்ளவர். கலியாணப் பேச்சில் ஒன்றை மறைத்தால் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று, பெண் வீட்டில் இருப்பதை ஷஹீமாவிடம் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். நல்ல குடும்பத்து ஆட்கள் கலியாணப் பேச்சுக்கு நடுவில் சாராயம் என்ற சொல்லை வாயால் எடுக்கமாட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்து, "ஊட்டுக்குள்ள... பார் ஒண்டு ஈக்கி," என்றார். ஷஹீமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை; கேட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வருமே. பாரை எடுத்தால் பேசலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஹாஜியார் அதே கனைப்போடு ருக்கியாவிடம் கொண்டுவந்து சேர்த்தார். மூன்று பேர் ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரும் அதை விரித்துப் பார்க்கவில்லை.

ருக்கியாவுக்கு உலகமே இருண்டுபோயிற்று. பவளத்தில் இவர்களுக்கு என்ன கோபம்? மீன்வாடை பிடிக்காதோ, தண்ணீர்ப் பாரத்துக்கு வீடு இடியும் என்று பயமோ? கேட்கவும் மனம் வரவில்லை. பெண் வீட்டுக்காரி நியாயம் கேட்பது அழகில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். பஸீர் கேன்களோடு வந்து மீன்களை எடுத்துப்போய்க் கடலில் விடட்டும். தண்ணீரைத் தான் இறக்கிவிடலாம். தண்ணீர் போனால் பவளம் சாகும். அது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"உம்மா, எடுக்காதீங்க. அவங்க வராட்டிப் போகட்டும்," என்றாள் ஸும்றா. சொல்லும்போதே கண் நிறைந்து வழிந்தது.

"வாயப் பொத்து. பார் போனா இன்னொரு பார் கட்டலாம். மாப்பிள்ளை கட்ட பிளைவுட் காணாது. குழாய்ட மத்த நுனியப் புடிச்சிக்கிட்டு பாத்ரூமுக்குப் போ."

ஸும்றா போனாள். தொட்டிக்குள் விட்ட குழாயின் அந்த மற்ற நுனியை முன்னரே வாயால் உறிஞ்சி, வந்த உப்பைத் துப்பி மகளிடம் கொடுத்திருந்த ருக்கியா, கம்பியில் கால் வைத்து, பலகையில் முழங்கை ஊன்றி நின்று அழுதாள். சொல்வதில் என்ன வெட்கம், வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துப் பார்க்கும்போது தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் பார்த்தாள், ஏறியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே விளிம்புக்கு வந்தது, விளிம்பைக் கடந்தது, ஒரு விரல், இரண்டு விரல், ஒரு சாண் என்று மேலே போய் நின்றது. வீடு வெள்ளக்காடாகப் போகிறது என்று அவள் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த துணியெல்லாம் அள்ளிவந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. கிளிமீன் ஒன்று பலகைக்கு மேலே வந்து, கையில் துவாயோடு நிற்கும் ருக்கியாவை ஏற இறங்கப் பார்த்தது. ருக்கியா துவாயை மடித்து வைத்துவிட்டு, "போதும் மகள், குழாயக் கொண்டா," என்று கூப்பிட்டாள். ஸும்றா ஒரு கையால் குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்; மற்றக் கையைத் தோளில் போட்டிருந்த சோலுக்குள் வைத்திருந்தாள். அதை அந்த நேரத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

பார் போகமாட்டேன் என்கிறது என்று ருக்கியா ஹாஜியாரிடம் சொன்னாள். பார் போகாதாம் என்று ஹாஜியார் கொம்பனித்தெருவுக்குச் சொன்னார். ஷிராஸோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று அங்கே சோற்றைத் தள்ளி வைத்திருந்தான். ஷஹீமா யோசித்தார், இப்படிப்பட்ட துணிச்சலை நேரில் ஒருதரம் பார்த்துவிட்டே உறவை முறிப்பது என்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புறப்பட்டார். பெட்ரோல் இல்லை, ரயிலில் வந்தார். கரண்ட் இல்லை, லிப்ட் ஓடவில்லை. ஷஹீமா நல்ல உடம்புக்காரி. நாலு மாடியும் படியேறி, திறந்திருந்த கதவால் உள்ளே வந்து, மூச்சுவாங்கி, கண் இருட்டி, முன்னால் இருப்பது என்ன என்று பாராமலே, கைக்கு எட்டிய பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தன்னையறியாமல் ஒரு காலைத் தூக்கிப் பித்தளைக் கம்பியில் வைத்து, "தண்ணி... கொஞ்சம் தண்ணி," என்றார். எங்கே நின்று அதைக் கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஸஹாப்தீன் ஹாஜியார் தலையில் தொப்பியோடு அந்த வாசலுக்குள் வரமாட்டேன் என்று படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

ருக்கியா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். ஷஹீமா அதை முதலில் மோந்து பார்த்தார், பிறகு குடித்தார்.

"இதுதானா பார்?" என்றார், பலகையைத் தடவிக்கொண்டு.

"ஓம் மைனி, இதுதான் பார்."

"கொஞ்சமாவது ஒளிச்சு வெக்கத் தோணல்லையா?"

"எட்டு அடிய எங்க மைனி ஒளிக்கிற?"

"யார் யார் வாற இங்க?"

"நாங்க கூப்பிடல்ல, தானா வந்தாங்க. கிளி வாற, ஓரா வாற, கோடு போட்ட இறால் வாற. களவாய் ஒருத்தர் ஈக்கிறாரு, பகல்ல முகம் காட்டமாட்டாரு."

பட்டப்பெயர் வைத்துக்கொண்டு திரிகிற குடிகாரக் கூட்டம் ஒன்று ஷஹீமாவின் கண்முன் வந்து நின்றது. "எத்தன மணிக்கிப் போவாங்க?" என்றார்.

"போறதே இல்ல மைனி. இங்கயேதான் தூக்கமும்."

"ஒரு குமர்ப்பிள்ள இருக்கிற ஊட்டுல! பகல் முழுக்கக் குடிச்சிக்கிட்டு..."

"குடிக்கிறதா? உப்புத் தண்ணிய யாரு மைனி குடிக்கிற?" என்றாள் ருக்கியா.

அப்போது ஏத்த நேரம். ஷஹீமாவின் அபாயாக் கை முழங்கைவரை குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். பலகைக்கு மேலே, சுவரில்லாமல், தெளிந்த தண்ணீர் அவர் கையைச் சுற்றி எழும்பி நின்றது. அதற்குள் கோடு போட்ட இறால் ஒன்று வந்து அவர் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்துகொண்டிருந்தது. கீழே ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாகக் கற்பிட்டிப் பார் கிடந்தது. ஷஹீமா இறாலைப் பார்த்தார், ருக்கியாவைப் பார்த்தார், கதவோரம் வெளிறிப்போய் நின்ற ஸும்றாவைப் பார்த்தார். ஒன்றோடொன்று கூட்டிப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். "யா அல்லாஹ், இந்தப் பாரா! இந்தப் பாரா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்து, நிற்கமுடியாமல் ஹியூபேட் பாஸின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சிரித்தார். ருக்கியாவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஸும்றா காதில் சொன்ன பிறகுதான் விளங்கி, வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அந்த ஹாஜியாரையும் பாருக்குள்ள வரச் செல்லுங்க," என்று ஷஹீமா சத்தமாகச் சொன்னது மூன்றாம் மாடிவரை கேட்டது. ஹாஜியார் தொப்பியோடு வந்தார். கொம்பனித்தெருப் பக்கம் போகும் ரயில் ஒன்று கீழே கடலோரம் போனது, அடுத்ததும் போனது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஷஹீமா எழும்பவில்லை. போகும்போது ஒரு நிபந்தனை போட்டார்: எக்காரணம் கொண்டும் பாரை எடுக்கக்கூடாது.

கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நடந்தது. இப்போது ஷிராஸும் ஸும்றாவும் வத்தளையில் இருக்கிறார்கள். ஷஹீமா காலையில் போன் எடுத்து ஏத்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு ரயில் ஏறுகிறார். மக்கீன் கடை பூட்டி வந்ததும் கம்பியில் கால் வைத்து நின்று பால் போடாத பிளேன்ரீ குடிப்பார். ஒழுங்கை முனையிலுள்ள த்ரீவீல்காரர்கள் அந்தப் பகடியை இன்னும் விடவில்லை. வெளியூர் ஆட்கள் யாராவது வந்து பக்கத்தில் பார் எங்கே என்று கேட்டால், நாலாம் மாடி என்று காட்டிவிடுகிறார்கள். அப்படி வந்தவர்களில் கோபித்துத் திரும்பிப் போனவர்கள் குறைவு. பலகையில் முழங்கை ஊன்றி, ஏத்தம் ஏறி வத்தம் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, குடிக்காத வாயோடு வீட்டுக்குப் போனார்கள் என்று சில மனைவிமார் ருக்கியாவுக்குத் துஆச் செய்கிறார்கள். ஹியூபேட் பாஸ் மட்டும் மாதம் ஒருதரம் வந்து கம்பிக்குப் பொலிஷ் போட்டுவிட்டுப் போவார்.

மருதோன்றி போட்ட நாளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், கூட்டம் வருவதற்கு முன்னர், மகளுக்குத் தானே போடுவேன் என்று ருக்கியா மருதோன்றியை அரைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸும்றா இடது கையை நீட்டினாள். போட்டு முடிந்து வலது கையைக் கேட்டாள், தரவில்லை. பிடித்து இழுத்து விரித்துப் பார்த்தாள். பெருவிரல் நுனியும் நகமும் ஏற்கெனவே சிவந்திருந்தன. மருதோன்றிச் சிவப்பில்லை, பேசினுக்குப் பக்கத்தில் வளர்ந்திருக்கும் அந்தப் பவளத்தின் சிவப்பு. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

"இது எப்படி மகள்?"

ஸும்றா தலையைக் குனிந்துகொண்டாள். "அண்டைக்கு நீங்க தண்ணி இறக்கக்குள்ள... பாத்ரூமுல குழாய் வாயில இந்த விரல வெச்சு அடைச்சுக்கிட்டு இருந்தன், உம்மா. ஒரு சொட்டுக்கூடப் போக விடல்ல."

ருக்கியா அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை, மாப்பிள்ளை போனாலும் போகட்டும் என்று ஈரத்தரையில் குந்தியிருந்திருக்கிறாள். பிறகு அவள் எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "நீ அடைச்சிருந்தா மட்டம் அப்படியே நிக்கணும். அது ஏறினதே?"

"எறங்காம இருக்கத்தான் நான் புடிச்சிருந்த. ஏறினது எனக்கித் தெரியா, உம்மா."

"அது சரி," என்றாள் ருக்கியா. "ஏத்த நேரம்."

அந்தப் பெருவிரலை விட்டுவிட்டு மிச்சம் நாலு விரலுக்கும் மருதோன்றி போட்டாள். போட்டு முடியும்போது ஹாலில் தண்ணீர் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் எழும்பிப் போய், பூசிய கை படாமல் முழங்கையை மட்டும் பலகையில் ஊன்றி, கம்பியில் ஒவ்வொரு கால் வைத்து நின்றார்கள்.